வெளிநாட்டுப் போஸ்டிங்கும் சொந்தத் துப்பாக்கியும்: போய்வந்தவர்கள் சொல்வது

ஜெர்மனியிலிருந்து திரும்பியவர்:

அமெரிக்கத் தரைப்படையில் இருக்கிறேன். ஜெர்மனி போஸ்டிங் முடிந்து வந்தபோது என் வேட்டை ரைஃபிளும் ஷாட்கன்னும் என்னோடு பத்திரமாகத் திரும்பி வந்தன. இடமாற்ற ஆர்டர் கைக்கு வந்தவுடன் எல்லோரும் என்னிடம் கேட்பது "எப்படிப் பேக் செய்வது" என்பதைத்தான். பேக் செய்வது இதில் சின்ன வேலை. போகிற நாடு அனுமதிக்குமா, திரும்பும்போது நம் கஸ்டம்ஸ் உள்ளே விடுமா, இந்த இரண்டுக்கும் காகிதம் கையில் வராமல் துப்பாக்கியைப் பெட்டிக்குள் வைக்கவே கூடாது.

ஜெர்மனியில் துப்பாக்கி வைத்திருக்க ஒரு காரணம் காட்ட வேண்டும். "வீட்டுப் பாதுகாப்புக்கு" என்ற காரணம் அங்கே அநேகமாக எடுபடாது. வேட்டைக்காரராக இருக்க வேண்டும், இல்லை சுடும் சங்கத்தில் உறுப்பினராக இருக்க வேண்டும். அமெரிக்கப் படைத்தளங்களில் வேட்டைப் பயிற்சி வகுப்பு நடத்துகிறார்கள், நான் அதில் சேர்ந்து தேர்வு எழுதித்தான் தகுதி பெற்றேன். காட்டு விலங்குகள், வேட்டைச் சட்டம், துப்பாக்கியைக் கையாளும் முறை என்று நிறையப் படிக்க வேண்டியிருந்தது, படித்தது எதுவும் வீணில்லை. அப்புறம்தான் வாஃபன்பெசிட்ஸ்கார்டே என்கிற உடைமை அட்டை. துப்பாக்கியைப் பூட்டி வைக்கிற சேஃபையும் முன்பே யோசித்து வையுங்கள். 2017 ஜூலையிலிருந்து அங்கே புதிதாக வாங்குகிற சேஃப் ஐரோப்பியத் தரத்தில் கிரேடு 0 அல்லது 1 ஆக இருக்க வேண்டும். ஊரில் வைத்திருந்த மெல்லிய தகரப் பெட்டியைக் கொண்டுபோய் அங்கே சமாளிக்க முடியாது. பாரக்ஸ் (படைவீரர் விடுதி) அறையில் தங்குகிறவர்கள் அறையில் வைக்கலாம் என்று நினைக்காதீர்கள், யூனிட்டின் ஆயுத அறையில் இடம் உண்டா என்று முதலில் கேளுங்கள்.

பேக்கர்கள் வந்த அன்று கூடவே நின்றேன். ஒருவர் இன்வென்டரியில், அதாவது சாமான் பட்டியலில், "விளையாட்டுச் சாமான்" என்று பொதுவாக எழுதிவிட்டு அடுத்த பெட்டிக்குப் போகப் பார்த்தார். நான் விடவில்லை. தயாரிப்பாளர், மாடல், காலிபர், சீரியல் நம்பர் நான்கும் என் கண் முன்னே எழுதப்பட்ட பிறகுதான் கையெழுத்துப் போட்டேன். வெளிநாட்டு ஷிப்மென்டில் துப்பாக்கி முதல் நம்பர் போட்ட மரப்பெட்டியில், கஸ்டம்ஸ் அதிகாரி திறந்ததும் எடுத்துப் பார்க்கிற மாதிரி இருக்க வேண்டும். நடுவில் எங்கோ சோபாவுக்கு அடியில் புதைந்து கிடந்தால் மொத்தச் சாமானையும் இறக்கிப் பார்ப்பார்கள். தோட்டா, வெடிமருந்து, தோட்டாவைப் பற்றவைக்கிற பிரைமர் எதுவும் வீட்டுச் சாமானோடு போகக் கூடாது. ஒரு தோட்டா கூட. பழைய ஜாக்கெட் பை, வேட்டைப் பை எல்லாவற்றையும் கவிழ்த்துப் பாருங்கள்.

ஜப்பானில் இருந்தவர்:

சகோ, ஜெர்மனியில் வழியாவது இருக்கிறது. ஜப்பானுக்கு ஆர்டர் வந்தவர்களிடம் நான் நேராகச் சொல்லிவிடுவேன், வீட்டிலேயே விட்டுவிட்டு வாருங்கள் என்று. அங்கே சட்டம் 1958ஆம் ஆண்டிலிருந்து இருக்கிறது, தனிநபர் கைத்துப்பாக்கி வைத்திருப்பது நடக்காத காரியம். ஷாட்கன்னுக்குக் கூட வகுப்பு, எழுத்துத் தேர்வு, மருத்துவச் சான்று, போலீஸ் விசாரணை எல்லாம் உண்டு. ரைஃபிள் லைசென்ஸ் கேட்க வேண்டுமானால் பொதுவாகப் 10 வருடம் தொடர்ந்து ஷாட்கன் லைசென்ஸ் வைத்திருந்திருக்க வேண்டும். நம் போஸ்டிங்கோ மூன்று வருடம். கணக்கு எப்படிப் போட்டாலும் ஒத்துவராது.

என் யூனிட்டுக்குப் புதிதாக வந்த ஒரு தம்பி, பேஸுக்குள் (படைத்தளத்துக்குள்) இருந்தால் அமெரிக்கச் சட்டம்தானே என்று கேட்டான். இல்லை. பேஸ் வேலிக்குள் இருந்தாலும் அந்த நாட்டுத் துப்பாக்கிச் சட்டம் நம்மை விடாது, அதற்கு மேல் படையின் விதியும் சேர்ந்துகொள்ளும். நல்ல வேளை, அவன் இதைக் கேட்டது கிளம்புவதற்கு முன்பு. துப்பாக்கியைத் தன் மாநிலத்திலேயே விட்டுவிட்டு வந்தான். கொரியாவுக்குப் போகிறவர்களும் அங்குள்ள பேஸின் விதியைக் கேட்டுவிட்டு முடிவெடுங்கள். தென் கொரியாவில் உள்ளூர்க்காரர்களின் வேட்டைத் துப்பாக்கியே போலீஸ் நிலையத்தில்தான் இருக்கும்.

கடற்படைக்காரர்:

விட்டுவிட்டுப் போவதிலும் சிக்கல் உண்டு, அதைச் சொல்ல யாரும் இல்லை என்பதால் எழுதுகிறேன். என் அண்ணன் வேறு மாநிலத்தில் இருக்கிறார். அவரிடம் கொடுத்துவிட்டுப் போகலாம் என்று வீட்டில் எல்லோரும் சொன்னார்கள். மாநிலம் விட்டு மாநிலம் ஒருவர் கைக்கு ஒருவர் துப்பாக்கியை மாற்றுவதென்றால் லைசென்ஸ் உள்ள டீலர் வழியாகத்தான் போக வேண்டும், அண்ணன் தம்பி என்பது அங்கே பேச்சே இல்லை. அதனால் நான் இருந்த மாநிலத்திலேயே துப்பாக்கிகளை வைத்துக்கொள்ள ஒப்புக்கொண்ட ஒரு சேமிப்புக் கிடங்கைப் பிடித்தேன். எல்லாக் கிடங்கும் எடுத்துக்கொள்வதில்லை, நான் முதலில் கேட்ட இடம் மறுத்துவிட்டது. அரசு செலவில் வைக்கிற நீண்டகாலச் சேமிப்பிலும் முன்கூட்டியே கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். ஈரம் இல்லாத இடமா என்று பாருங்கள், நன்றாக எண்ணெய் போட்டு வையுங்கள்.

ஹவாய்க்குப் போகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. அது வெளிநாடு இல்லை, ஆனாலும் போய்ச் சேர்ந்த 5 நாளுக்குள் துப்பாக்கியைப் போலீஸில் பதிவு செய்ய வேண்டும். வீடு தேடுகிற அவசரத்தில் இது மறந்துபோகும்.

விமானப்படைக்காரர்:

விமானத்தில் கூடவே எடுத்துப் போக நினைப்பவர்கள் நடுவில் எங்கே இறங்குகிறீர்கள் என்று பாருங்கள். தோட்டா இல்லாமல், பூட்டிய கடினப் பெட்டியில், கவுன்டரில் சொல்லி செக்-இன் செய்வது வரை எல்லோருக்கும் தெரியும். 2005இல் நியூ ஜெர்சி மாநிலத்து நியூவார்க்கில் ஒரு பயணிக்கு இணைப்பு விமானம் தவறியது. பெட்டி அவர் கைக்கு வந்தது, இரவு ஹோட்டலில் தங்கினார், மறுநாள் கவுன்டரில் துப்பாக்கி இருக்கிறது என்று அவரே சொன்னார், கைது செய்துவிட்டார்கள். வழக்கு கைவிடப்பட்டாலும் அவர் தொடுத்த எதிர்வழக்கு 2010இல் மேல்முறையீட்டிலும் தோற்றது. மாநிலம் கடக்கும் பயணிக்கு 1986ஆம் ஆண்டுச் சட்டம் தருகிற பாதுகாப்பு, துப்பாக்கி கைக்கெட்டும் நிலைக்கு வந்துவிட்டால் இல்லை என்பதுதான் தீர்ப்பு. சட்டத்தை மதித்து உண்மையைச் சொன்ன ஒருவருக்கு இப்படி நடந்தது எனக்கு இன்னும் வேதனைதான். அதனால் நான் நேர் விமானம் கிடைக்கும் வரை காத்திருந்தேன். வழியில் வேறொரு நாட்டில் இறங்கி மாறுவதென்றால் அந்த நாட்டின் அனுமதியும் வேண்டியிருக்கும்.

ஜெர்மனியிலிருந்து திரும்பியவர்:

திரும்பி வருவதைப் பற்றிக் கேட்டவர்களுக்கு. அமெரிக்காவிலிருந்து நீங்களே கொண்டுபோன துப்பாக்கி என்று நிரூபிக்க முடிந்தால் புது இறக்குமதி பர்மிட் தேவையில்லை. கிளம்பும் முன்பே கஸ்டம்ஸ் அலுவலகத்தில் 4457 என்ற படிவத்தில் சீரியல் நம்பரோடு பதிந்து வாங்கிக்கொள்ளுங்கள். வாங்கின பில், போகும்போது எழுதிய இன்வென்டரி நகல் இவையும் உதவும். அங்கே புதிதாக வாங்கினால் துப்பாக்கி இறக்குமதிக்கு அனுமதி தருகிற மத்திய அரசுத் துறையான ஏடிஎஃப்புக்கு, படைவீரர்களுக்கென்றே இருக்கிற படிவம் 6, பகுதி 2 அனுப்பி அனுமதி வாங்க வேண்டும். பேக்கர்கள் வருவதற்குப் பல வாரம் முன்பே அனுப்புங்கள், ஆர்டர் நகலையும் சேர்த்து. வந்து இறங்கும்போது கஸ்டம்ஸில் ஏடிஎஃப்பின் 6ஏ படிவம் கேட்பார்கள்.

குழல் குட்டையாக்கிய ரைஃபிள், சைலன்சர் மாதிரிப் பொருள்களைத் தயவுசெய்து வெளியே கொண்டு போகாதீர்கள். தனிநபராக அவற்றைத் திரும்ப உள்ளே கொண்டுவருவதில் பெரிய சிக்கல் வரும்.