மாமி வீட்டுக் கம்ப்யூட்டரில் பாட வீடியோ

கல்லடி மாமி: பிள்ளைகள், ஓஎல் பரீட்சைக்கான கணிதப் பாடம் எங்கள் கம்ப்யூட்டரில் விக்கி விக்கி ஓடுகிறது. சேர் பேசுவது வடிவாகக் கேட்கிறது. பலகையில் எழுதுவதுதான் தெரியவில்லை, முழு வரியும் பிறகு ஒரேயடியாக வந்து விழுகிறது. கடையில் கேட்டால் புது மெஷின் வாங்கச் சொல்கிறார்கள்.

வாழைச்சேனை மாமா: லைன் பிரச்சினைதான். ரவுட்டரை நிறுத்திப் போடுங்கோ.

கல்லடி மாமி: போட்டுப் பார்த்தாயிற்று. அதே வைஃபையில் போனில் நன்றாக ஓடுகிறதே.

காரைதீவு அண்ணா: அப்படியென்றால் லைன் இல்லை மாமா. லைன் மந்தமானால் வட்டம் சுற்றும், குரலும் சேர்ந்து நிற்கும். இங்கே சுருக்கிய வீடியோ வந்து சேர்கிறது, அதை விரித்துக் காட்டத்தான் மெஷின் திணறுகிறது. மாமி, யூடியூப் படத்தின் மேல் வலது கிளிக் செய்து ‘ஸ்டாட்ஸ் ஃபார் நேர்ட்ஸ்’ திறங்கோ. ஃபிரேம்ஸ், கோடெக்ஸ் என்ற வரிகளில் என்ன இருக்கிறது?

கல்லடி மாமி: 1530இல் 412 டிராப்ட் என்கிறது மனே. மற்றதில் விபி09 என்று தொடங்குகிறது.

காரைதீவு அண்ணா: நாலில் ஒரு பங்குக்கு மேல் படம் காட்டப்படாமலே போயிருக்கிறது. விபி09 என்றால் யூடியூப் விபி9 என்ற முறையில் சுருக்கிய வீடியோவை அனுப்புகிறது. உங்களுடையது இன்டெலின் 4ஆம் தலைமுறை ஐ3 பிராசஸர். அதன் கிராபிக்ஸ் பகுதி எச்.264 என்ற பழைய முறையில் சுருக்கிய வீடியோவைத் தானே விரிக்கும். விபி9ஐ முழுதாக விரிப்பது இன்டெலில் 7ஆம் தலைமுறையிலிருந்துதான். அதனால் அந்தப் பாரம் எல்லாம் பிராசஸர் தலையில். தங்கச்சி இப்போது படிக்க வேண்டுமென்றால் தரத்தை 480க்கு இறக்கிவிடுங்கோ, எழுத்து வாசிக்கலாம்.

கல்லடி மாமி: இறக்கினேன். கொஞ்சம் பரவாயில்லை.

காரைதீவு அண்ணா: சரி. இனி குரோம் செட்டிங்ஸில் ‘சிஸ்டம்’ போய், கிராபிக்ஸ் ஆக்ஸிலரேஷன், அதாவது பட வேலையைக் கிராபிக்ஸிடம் விடும் வசதி, ஆனில் இருக்கிறதா பாருங்கோ.

கல்லடி மாமி: ஆஃபில் இருக்கிறது!

காரைதீவு அண்ணா: ஆன் செய்து ‘ரீலான்ச்’ அழுத்துங்கோ.

அக்கரைப்பற்று அக்கா: தம்பி, எங்கள் வீட்டில் நீ அதை ஆஃப் செய்யத்தானே சொன்னாய்?

காரைதீவு அண்ணா: ஓம் அக்கா, உங்களுக்குக் குரல் வந்து படம் முழுக்கக் கறுப்பாக இருந்தது. கிராபிக்ஸை இயக்கும் மென்பொருளான டிரைவர் பழையதானால் அப்படி வரும். டிரைவரைப் புதுப்பித்த பிறகு திரும்ப ஆன் செய்யலாம். மாமி, அடுத்து ஃபயர்பாக்ஸ் பிரவுசரை இறக்கி ‘எச்264இஃபை’ என்ற ஆட்-ஆனைப் போடுங்கோ. அது யூடியூபிடம் எச்.264 வீடியோவையே கேட்டு வாங்கும். 1080க்கு மேல் தரம் வராது, பாடத்துக்கு அது தாராளம்.

கல்லடி மாமி: போட்டாயிற்று மனே. இப்போது கோடெக்ஸில் ஏவிசி1 என்று இருக்கிறது. 720இல் ஓடுகிறது, டிராப்ட் 3இலேயே நிற்கிறது. சேர் கோணம் கீறுவது கோடு கோடாகத் தெரிகிறது!

காரைதீவு அண்ணா: ஏவிசி1 என்றால் எச்.264தான், அதுதான் வேண்டும். காசை வைத்திருங்கோ மாமி, மெஷின் இன்னும் ஓடும்.

வாழைச்சேனை மாமா: எங்கள் மெஷினில் விண்டோஸ் 7. குரோம் அப்டேட் ஆகுதில்லையே தம்பி?

காரைதீவு அண்ணா: அதில் குரோம் 109ஆம் பதிப்புக்கு மேல் ஏறாது மாமா, 2023 தொடக்கத்தோடு நிறுத்திவிட்டார்கள். ராம் எவ்வளவு என்று பார்த்துச் சொல்லுங்கோ, விண்டோஸ் 10 தாங்குமா பார்ப்போம்.