சென்னை மாரத்தான்: ஓடுகிறவர்களும் ஓடவைக்கிறவர்களும்

பேசர் (சீரான வேகத்தில் ஓடிக் குழுவை அழைத்துச் செல்பவர்), 4:30 பஸ் (நாலரை மணி நேரத்தில் முடிக்க ஓடும் குழு)

அதிகாலை 4 மணிக்கு நேப்பியர் பாலத்தில் அந்தக் கூட்டத்தையும் சத்தத்தையும் பார்த்தால் யாருக்கும் கால் பரபரக்கும். அந்தப் பரபரப்பில் முதல் 5 கிலோமீட்டரிலேயே பலருடைய ஓட்டம் கெட்டுவிடுகிறது. காமராஜர் சாலை அகலம், மேடு பள்ளம் கிடையாது, வெயிலும் இல்லை. கிலோமீட்டருக்கு 5:50 நிமிட வேகத்தில் போனாலும் மெதுவாகப் போவதுபோல்தான் தோன்றும். 4:30இல் முடிக்கத் தேவையானது 6:24. அப்படி முந்தி ஓடி 5 கிலோமீட்டரில் மிச்சம் பிடிப்பது 3 நிமிடத்துக்கும் குறைவு. 32ஆவது கிலோமீட்டரைத் தாண்டி நடக்க வேண்டி வந்தால் ஒரே கிலோமீட்டரில் அது போய்விடும்.

வாட்சை முழுக்க நம்பாதீர்கள். வளைவுகளில் வெளிப்பக்கமாகப் போவது, தண்ணீருக்கு ஒதுங்குவது எல்லாம் சேர்ந்து கடைசியில் 42.2 கிலோமீட்டருக்குப் பதில் 42.6 காட்டும். அதனால் வாட்சில் 6:20 வைத்துக்கொண்டால்தான் 4:30 வரும். சாலையோரப் பலகைக் கணக்கில் 10 கிமீ 1:04, பாதி தூரம் 2:15, 30 கிமீ 3:12. மணிக்கட்டில் பேனாவால் எழுதிக்கொண்டு வாருங்கள், 30க்கு மேல் மனக்கணக்கு வராது.

இன்னொன்று: ஜனவரி முதல் வாரத்தில் சூரியன் உதிக்க ஆறரை ஆகிவிடும். முதல் இரண்டரை மணி நேரம் இருட்டு, மீதி 2 மணி நேரம் வெயில். தொப்பியைத் தொடக்கத்திலேயே இடுப்பில் செருகிக்கொள்ளுங்கள்.

தண்ணீர் மேசைத் தன்னார்வலர்

பத்து மேசை போட்டிருந்தாலும் எல்லோரும் முதல் மேசையில்தான் மோதுவார்கள். முதல் மேசையில் நிற்பவர் கப்பை நீட்டுவதைவிட, "அடுத்த மேசையிலயும் தண்ணி இருக்கு, முன்னாடி போங்க" என்று குரல் கொடுப்பதுதான் பெரிய உதவி. ஓடுகிறவர்கள் கடைசி மூன்று மேசைகளைக் குறிவைத்தால் நிற்காமலே எடுக்கலாம்.

கப்பில் பாதிக்கு மேல் ஊற்றாதீர்கள். நிரம்பிய கப் கை மாறும்போதே சிந்தும், ரோடு வழுக்கும். கப்பை விரித்த உள்ளங்கையில் வைத்து நீட்ட வேண்டும். விளிம்பைப் பிடித்து நீட்டினால் வாங்குகிறவரின் விரலும் நம் விரலும் மாட்டிக்கொள்ளும். வாங்குகிறவர் கப்பின் வாயை இரண்டு விரலால் நசுக்கிக் கூம்பாக்கினால் மூக்கில் ஏறாமல் குடிக்கலாம்.

எலக்ட்ரோலைட் (உப்பும் சர்க்கரையும் கரைத்த தண்ணீர்) மேசை தனியாக, தண்ணீருக்கு முன்னால். இங்கேதான் அடிக்கடி தப்பு நடக்கிறது: 20 லிட்டர் கேனில் நாலு ஓஆர்எஸ் பாக்கெட்டைக் கொட்டிக் கலக்கிவிடுவார்கள். பாக்கெட்டில் போட்டிருப்பது ஒரு லிட்டருக்கு ஒன்று. நாலு பாக்கெட் இருந்தால் வாளியில் 4 லிட்டர் மட்டும் கரையுங்கள். உப்பு தொட்ட ஆரஞ்சுச் சுளையும் கடலை மிட்டாயும் 25 கிலோமீட்டருக்கு மேல் ஜெல்லைவிட (ஓடும்போது உறிஞ்சும் சர்க்கரைக் கூழ்) வேகமாகத் தீரும். வாழைப்பழத்தைத் தோலோடு பாதியாக வெட்டிவைத்தால், குப்பைத் தொட்டியை மேசைக்குப் பக்கத்தில் வைக்காமல் 50 மீட்டர் தள்ளி வையுங்கள். தின்று முடிக்க அவ்வளவு தூரம் ஆகும். தொட்டி கண்ணில் படவில்லை என்றால் தோல் நடுரோட்டுக்குத்தான் வரும்.

வார இறுதி லாங் ரன் ஒருங்கிணைப்பாளர்

மாரத்தானுக்கு உண்மையான தயாரிப்பு ஞாயிற்றுக்கிழமை குழு ஓட்டங்கள்தான். 20 பேர், மூன்றரை மணி நேரம், ஆளுக்கு மணிக்கு அரை லிட்டர் என்றால் 35 லிட்டர். ஆகவே இரண்டு கேன். 10 கிமீ சுற்றாக வைத்தால் ஒரே இடத்தில் தண்ணீர் போதும், முடியாதவர் சுற்று முடிவில் நிற்கலாம். 30, 32 கிமீ ஓட்டம் போட்டிக்கு மூன்று வாரம் முன்பே முடிந்துவிட வேண்டும். அதன்பின் தூரத்தைக் குறையுங்கள், வேகத்தைக் குறைக்க வேண்டாம்.

போட்டியன்று காலை என்ன சாப்பிடப் போகிறோமோ அதை லாங் ரன் நாளில் பழகுங்கள். 4 மணி ஓட்டத்துக்கு 2 மணிக்கு மூன்று இட்லி, சர்க்கரை தொட்டு. சாம்பார் வேண்டாம், பருப்பு பாதி வழியில் வயிற்றைப் பிடிக்கும். ஜெல் 40, 45 நிமிடத்துக்கு ஒன்று, வெறும் தண்ணீரோடு. ஜெல்லோடு எலக்ட்ரோலைட் குடித்தால் சர்க்கரைமேல் சர்க்கரை சேர்ந்து குமட்டும்.

புது ஷூ, எக்ஸ்போவில் (போட்டிக்கு முன் நடக்கும் கண்காட்சி) தந்த டீ-ஷர்ட் இரண்டும் அன்றைக்கு ஆகாது. அக்குள், தொடை, மார்க்காம்பில் வாசலின்.

மருத்துவக் கூடாரத்தில் பணிபுரியும் பிசியோ

சென்னைக் காற்றில் ஈரம் அதிகம், வியர்வை ஆவியாகாமல் வழிந்தே போகும். உடம்பு குளிராததால் இதயத்துடிப்பு ஏறிக்கொண்டே இருக்கும். தலையில் தண்ணீர் ஊற்றினால் ஷூவுக்குள் இறங்காமல் குனிந்து ஊற்றுங்கள். நனைந்த சாக்ஸ்தான் கொப்புளத்துக்குக் காரணம்.

பயத்தில் ஒவ்வொரு மேசையிலும் வெறும் தண்ணீராகக் குடிப்பவர்களையும் கவனிக்க வேண்டும். ரத்தத்தில் சோடியம் குறைந்து தலைவலி, வாந்தி, குழப்பம் வரும். விரலில் மோதிரம் இறுகினால், கை வீங்கினால் தண்ணீரை நிறுத்திவிட்டு எங்களிடம் வாருங்கள். ஓடும்போது இப்யூபுரோஃபன் மாத்திரை வேண்டவே வேண்டாம். நீர் வற்றிய உடம்பில் சிறுநீரகத்தைப் பாதிக்கும். முடித்ததும் உட்காராமல் பத்து நிமிடம் நடங்கள். சட்டென்று நின்றால் ரத்தம் காலில் தேங்கி மயக்கம் வரும்.

சாலையோரம் நின்று உற்சாகப்படுத்துகிறவர்

35ஆவது கிலோமீட்டரில் வருகிறவரிடம் "இதோ வந்தாச்சு" என்று சொல்லாதீர்கள். இன்னும் 7 கிலோமீட்டர் இருக்கிறது, அது அவருக்கே தெரியும். பிப்பில் (மார்பில் குத்தியிருக்கும் எண் அட்டை) இருக்கும் பெயரைப் படித்துக் கூப்பிடுங்கள். பெயர் காதில் விழுந்ததும் குனிந்த தலை நிமிர்வதை அங்கேயே பார்க்கலாம். கூட்டம் தொடக்கத்தில்தான் குவிகிறது; ஆள் தேவைப்படுவது 30க்கும் 40க்கும் நடுவில், கிழக்குக் கடற்கரைச் சாலை வெயிலில். பறை வைத்திருப்பவர்கள் தயவுசெய்து அங்கே வாருங்கள்.

டைமிங் டெஸ்க் தன்னார்வலர்

பிப்பின் பின்னால் ஒட்டியிருக்கும் பட்டைதான் நேரத்தைப் பதிவு செய்யும் சிப். மடிக்கக் கூடாது, பட்டை மேல் பின் குத்தக் கூடாது, நாலு மூலையிலும் குத்தி மார்பின்மேல் போடுங்கள். பெல்ட், போன் பவுச், ஜாக்கெட் எதுவும் அதை மறைத்தால் சாலையில் விரித்திருக்கும் டைமிங் பாயில் பதிவாகாது. நடுவில் ஒரு நேரம் விடுபட்டிருந்தால் பிப் எண்ணோடு வாட்ச் பதிவையும் சேர்த்து அனுப்புங்கள், சரிபார்க்க அது போதும்.