உதயகிரிக் கோட்டையில் ஆறுமணிக்குருவியைக் கண்ட பங்குனிக் காலை

குமரி மாவட்டத்தில் தக்கலையை அடுத்த புலியூர்க்குறிச்சியில் உள்ள உதயகிரிக் கோட்டையை, திருவிதாங்கூர் படைத்தளபதி டிலனாயின் கல்லறை இருக்கும் இடமாகவே நம்மில் பலர் அறிந்திருக்கிறோம். திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மர் காலத்தில், 1741-க்குப் பின் புதுப்பித்துக் கட்டப்பட்ட அந்த மதிலுக்குள் சுமார் 90 ஏக்கரில் மரங்கள் செழித்து நிற்கின்றன. வனத்துறை அதைப் பல்லுயிர்ப் பூங்காவாகப் பராமரிக்கிறது. பங்குனித் தொடக்கத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, வாயில் திறந்ததும் எங்கள் குழு உள்ளே சென்றது. வலசை வந்த பறவைகள் வடக்கே திரும்பும் காலம் என்பதால், அவை புறப்படுமுன் ஒருமுறை பார்த்துவிட வேண்டும் என்ற ஆவல் எல்லோருக்கும் இருந்தது.

வெண்கன்னக் குக்குறுவானின் குரல் தொடக்கம் முதலே விடாமல் ஒலித்தது. பழுத்திருந்த ஓர் ஆலமரத்தில் குயில்களும் கருந்தலை மாங்குயில்களும் மைனாக்களும் கூடியிருந்தன. நீண்ட வெண்ணிற வாலுடன் அரசவால் ஈபிடிப்பான் ஒன்று கிளை மாறியபோது, முதன்முறையாகப் பறவை நோக்க வந்திருந்த கல்லூரி மாணவி இருநோக்கியை இறக்கவே இல்லை.

மதிலோரம் நடக்கையில், இரண்டு சுரம் கொண்ட தெளிவான சீழ்க்கை ஒன்று புதரிலிருந்து வந்தது. ஆறுமணிக்குருவிதான் என்பது உடனே தெரிந்தது. விடியலிலும் அந்தியிலும் மிகுதியாகக் கூவும் பறவை அது. வெயில் ஏறிய பின் கேட்டது எங்கள் பேறு. ஒருவர் கைபேசியில் அதன் குரலை ஒலிக்கச் செய்யலாமா என்று கேட்டார். எங்களை அழைத்துச் சென்ற ஓய்வுபெற்ற ஆசிரியர், "வேண்டாம் மக்களே, நெடுந்தூரம் போக வேண்டிய பறவை, அது இரை தின்னட்டும்" என்று மறுத்துவிட்டார். அவர் சொன்னதே சரி என்று நான் உறுதியாக நினைக்கிறேன், ஏனெனில் பதிவுக் குரலைக் கேட்கும் பறவை, வேறொரு பறவை தன் இடத்திற்குள் புகுந்துவிட்டதாக எண்ணி, இரை தேடுவதை விட்டுவிட்டு அலையக்கூடும்.

அசையாமல் நின்றோம். சிறிது நேரத்தில் அது தத்தித் தத்தி வெளியே வந்து, சருகுகளை அலகால் புரட்டிப் புழு பொறுக்கத் தொடங்கியது. பச்சை முதுகு, கண்ணை ஒட்டிய கரும்பட்டை, சிவந்த அடிவயிறு என ஒவ்வொன்றும் வெறுங்கண்ணுக்கே தெரியும் தொலைவில் இருந்தது. இமயமலை அடிவாரத்திலும் மத்திய இந்தியக் காடுகளிலும் கூடு கட்டும் இந்தச் சிறு பறவை, குளிர்காலத்தைக் கழிக்க நம் மாவட்டம் வரை வருகிறது என்பதை நூலில் படித்திருந்தாலும், நேரில் கண்டபோது நெஞ்சு நிறைந்தது.

பெருக்கித் துப்புரவாக்கிய நடைபாதைப் பக்கம் அது ஒருமுறைகூட வரவில்லை. சருகு கிடந்த இடத்திலேயே சுற்றியது. அதன் இரை அங்கேதான் இருக்கிறது. தோட்டத்தில் சருகைக் கூட்டித் தீ வைக்கும் வழக்கம் நம் ஊர்களில் பரவலாக உள்ளது. வேலியோரம் ஒரு பகுதியையாவது அப்படியே விட்டுவைக்க இயன்றவர்கள் விட்டுவையுங்கள். குலசேகரம், திருவட்டாறு பக்கம் இருப்பவர்கள், ஆறுமணிக்குருவியைக் கடைசியாகக் கண்ட அல்லது கேட்ட நாளை, பறவைப் பதிவுகளுக்கான இணையதளமான ஈபேர்டில் பதிவு செய்தால், இவை நம்மைவிட்டுப் புறப்படும் காலத்தை ஆண்டுதோறும் ஒப்பிட்டுப் பார்க்க முடியும்.