யூதக் கல்யாணப் பந்தலில் அப்பாவுக்கு நாற்காலி போடலாமா?

அடுத்த மாசம் நியூஜெர்சியில் தங்கச்சிக்குக் கல்யாணம். மாப்பிள்ளை வீட்டார் யூதர்கள், சீர்திருத்தப் பிரிவு. அப்பாவும் அம்மாவும் ரெண்டு பக்கமும் நடந்து அவளை ஹுப்பா பந்தலுக்குக் கூட்டிட்டுப் போய், சடங்கு முடியும்வரை அங்கேயே நிற்கணுமாம். அப்பாவுக்கு முட்டி ஆபரேஷன் ஆகியிருக்கு. கம்பு ஊன்றி நடந்துடுவார், ஆனா கொஞ்ச நேரம் நின்னாலே கால் நடுங்குது. கெதுபா ஒப்பந்தம் வாசிச்சு, ஏழு ஆசிகள் சொல்லி, மாப்பிள்ளை கண்ணாடி டம்ளரை மிதிச்சு உடைக்கும்வரை அரை மணி நேரம் ஆகலாம்னு சொல்றாங்க.

சம்பந்தியைக் கேட்டோம், "உங்க சௌகரியம்"னார். சடங்கு நடத்தும் ரபிக்கு மெயில் போட்டோம், பதில் வரலை. யூடியூபில் பார்த்த வரைக்கும் பந்தலுக்குள்ள யாரும் உட்காரலை. முன்வரிசையில் உட்காரச் சொன்னா அப்பா மனசு தாங்காது, மக பக்கத்துலதான் இருக்கணும்.

யூதக் குடும்பத்தில் சம்பந்தம் செஞ்சவங்க சொல்லுங்க: பந்தலுக்குக் கீழேயே அவருக்கு நாற்காலி போட்டா சடங்குக்குக் குறை ஆகுமா?