மறு: ஃபாக் ஆஃப் வார் = போர்மூட்டம்? என் பரிந்துரையை நானே திரும்பப் பெறுகிறேன்

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

போன மாதம் இதே இழையில், நம் விளையாட்டுக் கலைச்சொல் பட்டியலுக்காக, ஃபாக் ஆஃப் வார் (நம் ஆள் யாரும் பார்க்காத இடத்தில் எதிரியைக் காட்டாமல் மறைக்கிற இருட்டு) என்பதற்குப் "போர்மூட்டம்" என்று எழுதிப்போட்டது நான்தான். நாலைந்து பேர் நன்று, நன்று என்றதும் வேலை முடிந்தது என்று போய்விட்டேன். உண்மையைச் சொன்னால், அப்போது அந்தச் சொல் வருகிற டோட்டா 2 என்ற கணினி விளையாட்டை நான் தொட்டதுகூட இல்லை. மென்பொருள் மொழிபெயர்ப்பு செய்கிறவர்களுக்கு வருகிற கெட்ட பழக்கம் இது. அட்டவணையில் ஒரு ஆங்கிலச் சொல் இருக்கும், பக்கத்துக் கட்டம் காலியாக இருக்கும், அந்தக் காலியைப் பார்த்தாலே கை நமநமக்கும். இப்போது விளையாடிப் பார்த்துவிட்டேன். போர்மூட்டம் தப்பு. ஏன் என்று சொல்வதற்கு நடந்த கதையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இங்கே பாம்பனில் தடைக்காலம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள், விசைப்படகு எதுவும் கடலுக்குப் போகக் கூடாது. அக்கா மகனும் அவன் கூட்டாளிகளும் பகலெல்லாம் படகுக்குப் பெயின்ட் அடிப்பதும் கிழிந்த வலையைச் சரிபண்ணுவதுமாக இருப்பார்கள், இருட்டினால் எங்கள் வீட்டு மாடியில் ஆளுக்கொரு பழைய லேப்டாப்போடு டோட்டா 2. ஓர் அணிக்கு ஐந்து பேர் வேண்டும். அன்றைக்கு ஒருவன் ராமநாதபுரத்துக்குக் கல்யாணத்துக்குப் போய்விட்டான். "மாமா, சும்மா உக்காருங்க, நாங்க பாத்துக்கிறோம்" என்றான் மருமகன். உட்கார்ந்தேன்.

முதல் பத்து நிமிடத்துக்கு ஒன்றும் விளங்கவில்லை. நாயகர்கள் மட்டும் 120க்கு மேல் இருக்கிறார்கள், அதில் கிரிஸ்டல் மெய்டன் என்கிற பனிக்காரியை என் தலையில் கட்டினார்கள், நடக்கவே சோம்பல்படுகிற ஒரு பெண். இரண்டு அணி, நடுவே ஒரு ஆறு, மூன்று தடம், தடத்தில் தானாக நடந்து வருகிற சிப்பாய்கள், எதிரியின் மூலக் கட்டடத்தை உடைத்தால் வெற்றி. சிப்பாயின் உயிர் போகிற அந்தக் கடைசி அடியை யார் அடிக்கிறாரோ அவருக்குத்தான் காசு. இதற்கு இங்கே ஒருவர் "இறுதித்தாக்கு" என்று முன்மொழிந்திருந்தார். பையன்கள் "கடைசி அடி" என்றே சொல்கிறார்கள், அதற்கு மேல் யோசிக்க என்ன இருக்கிறது? நான் திரும்பத் திரும்பச் செத்து எதிரணிக்குக் காசு சேர்த்துக் கொடுத்தபோது "மாமா, தீனி போடாதீங்க" என்று கத்தினான் ஒருவன். ஃபீடிங் என்பதற்கு நாம் இந்தக் குழுமத்தில் மூன்று வாரம் அடித்துக்கொண்டது உங்களுக்கு ஞாபகம் இருக்கும்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். மரங்களுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். வரைபடத்தில் மரம் தெரிகிறது, மேடு தெரிகிறது, ஆறு தெரிகிறது, எல்லாம் லேசாக நிழல் விழுந்த மாதிரி. எதிரி மட்டும் இல்லை. ஆள் நடமாட்டமே இல்லாத அமைதி. அடுத்த நொடி மரத்துக்குப் பின்னாலிருந்து இரண்டு பேர் வந்தார்கள், முடிந்தது. செத்துக் கிடக்கும்போது மருமகன் விளக்கினான்: அவர்கள் அங்கேயேதான் இருந்தார்கள், நம் ஆள் யாரும் அந்தப் பக்கம் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

இங்கேதான் மூட்டம் உடைகிறது. மூட்டம் என்றால் வானிலை. அது இறங்கினால் இரண்டு கரைக்கும் சேர்ந்துதான் இறங்கும், கீழே இருப்பது எதுவும் தெரியாது. இதில் நிலம் தெரிகிறது, ஆள்தான் தெரியவில்லை. அதைவிட முக்கியம், எனக்கு இருட்டாக இருக்கிற இடம் அவனுக்கு வெளிச்சம். ஒவ்வோர் அணிக்கும் அதனதன் இருட்டு. என் கூட்டாளி ஒருவன் எட்டிப் பார்த்தால் ஐந்து பேருக்கும் தெரியும், அவன் செத்தால் ஐந்து பேருக்கும் அந்த இடம் போய்விடும். மேட்டில் நிற்பவனைக் கீழே நிற்பவனால் பார்க்க முடியாது. பெரும்பாலான நாயகர்களுக்குப் பகலில் 1800 அலகு தூரம் தெரிந்தால் இரவில் 800தான். பகல் ஐந்து நிமிடம், இரவு ஐந்து நிமிடம் என்று மாறிக்கொண்டே இருக்கிறது. இதில் எங்கே இருக்கிறது பனி? எல்லாம் கண் சம்பந்தப்பட்ட விவகாரம்.

போரில் முக்கால்வாசி மூட்டத்துக்குள்தான் கிடக்கிறது என்று 1832இல் வெளிவந்த நூலில் போரியல் அறிஞர் க்ளாசவிட்ஸ் எழுதினார் என்றால் அவர் பிரஷ்யாக்காரர், அவருக்கு மூட்டம் தெரியும். எங்கள் தீவில் பனி என்றால் மார்கழி விடியற்காலையில் தலையில் துண்டு கட்டுகிற அளவுதான்.

பதினோரு மணி வாக்கில் அக்கா மாடியேறி வந்தாள். கீழே நியூஸ் பார்த்துக்கொண்டிருந்தவள் மகனைக் காணோமே என்று வந்தால், மகனோடு தம்பியும் உட்கார்ந்திருக்கிறான். "நான் கண் மறைஞ்சாப் போதும், பொட்டி முன்னாடி உக்காந்துருவீங்க, நீயுமாடா?" என்றாள். நான் அப்போது ஆறாவது முறையாகச் செத்திருந்தேன்.

கண்மறைவு. அதுதான் என் புதிய பரிந்துரை. புதிதாக ஒட்டவைத்த சொல் இல்லை, வீட்டில் புழங்குவது. யாருடைய கண்ணுக்கு மறைவு என்ற கேள்வி அதற்குள்ளேயே இருக்கிறது, விளையாட்டின் பொறியமைப்பும் அதேதான். "எதிரி கண்மறைவில் இருக்கிறான்", "கண்மறைவிலிருந்து வெளிவந்தான்", அமைப்புகள் பக்கத்தில் "கண்மறைவு: ஆம் / இல்லை". பொத்தானுக்குள் அடங்குகிற நீளம்.

இன்னொரு லாபம். வார்ட் என்று ஒன்று இருக்கிறது, தரையில் நட்டுவைத்தால் ஆறு நிமிடத்துக்கு அந்த வட்டாரத்தை நமக்குக் காட்டிக்கொண்டிருக்கும். இதற்கு நம் பட்டியலில் "காவலரண்" என்று இருக்கிறது. அது சுடவும் செய்யாது, தடுக்கவும் செய்யாது, பார்க்க மட்டும் செய்யும். சீன ஆட்டக்காரர்கள் இதை வெறுமனே கண் என்றுதான் சொல்கிறார்கள். நமக்கு அவர்களிடம் கடன் வாங்க வேண்டிய அவசியமும் இல்லை, ஒற்றரை மன்னனின் கண் என்று ஒற்றாடல் அதிகாரத்தின் முதல் குறளிலேயே இருக்கிறது. ஆகவே வார்ட் = கண். நட்டால் கண் நடுதல், எதிரியின் வார்டை உடைத்தால் கண் பிடுங்குதல். (கண்ணப்பரை இழுக்காதீர்கள்.) "கண் வைத்தல்" மட்டும் வேண்டாம், திருஷ்டி ஆகிவிடும்.

பாம்பனிலிருந்து

———

மறு: மறு: ஃபாக் ஆஃப் வார்

தொண்டி ஐயாவின் மடலுக்குப் பதில்.

> தம்பி, சொல் அழகுதான். ஆனால் ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2இல் இரண்டு வகை இருட்டு உண்டே. இன்னும் போகாத இடம் முழுக் கறுப்பு, போய்த் திரும்பிய இடம் மங்கல். இரண்டையும் கண்மறைவு என்பீரா?

நியாயமான கேள்வி ஐயா, எனக்குத் தோன்றாமல் போய்விட்டது. என் மகள் சின்ன வயதில் அதைத்தான் விளையாடுவாள். இரண்டும் ஒன்றல்ல. மங்கலான இடத்தில் ஊர் எங்கே, காடு எங்கே என்று தெரியும், இப்போது அங்கே யார் என்றுதான் தெரியாது, அது கண்மறைவு. கறுப்பில் நிலமே தெரியாது. அதற்குக் கண்படா நிலம் என்று வைக்கலாமா? ஒரே வேர் என்பதால் அடுத்தடுத்து வந்தாலும் குழப்பாது.

> மேலும், டோட்டாவில் ஆளே மறைந்துபோகும் வித்தை இருக்கிறது. கண் முன்னால் நிற்பான், தெரியமாட்டான். அதற்கு என்ன செய்வீர்?

இதில் நானும் தடுமாறினேன். உருமறைப்பு என்றால் ராணுவத்தின் பச்சை உடை ஞாபகம் வருகிறது, இலைதழையைச் சுற்றிக்கொண்டு நிற்பதை இப்போது அப்படித்தான் சொல்கிறார்கள். கரத்தல், கரந்து என்று பழைய சொல் எடுக்கலாம் என்று பார்த்தேன், மாடியில் சொல்லிப் பார்த்தபோது பையன்கள் கரப்பான் என்று சிரித்தார்கள். அவர்களிடமே கேட்டேன். "மாயமாயிட்டான்" என்றார்கள். மாயம் போதும் என்று நினைக்கிறேன். மரத்துக்குப் பின்னால் இருப்பவன் கண்மறைவில் இருக்கிறான், எதிரிலேயே நின்று தெரியாதவன் மாயத்தில் இருக்கிறான். மாயத்தில் இருப்பவனைக் காட்டிக்கொடுக்கிற சென்ட்ரி வார்டுக்கு "மாயக்கண்" என்றால் கண்ணே மாயமானது போல ஆகிவிடும், அதற்கு யாராவது நல்ல சொல் கொடுங்கள். மாயம் அறுக்கும் கண் என்று எழுதிப் பார்த்தேன், பெயர்ப்பலகை நீளம் வருகிறது.

> கடைசியாக, கலைச்சொல் என்றால் பேச்சு வழக்கிலிருந்து கொஞ்சம் விலகி நிற்க வேண்டாமா?

இதில் மட்டும் உங்களோடு ஒத்துப்போக முடியவில்லை ஐயா. இரண்டரை நொடிக்குள் நாலு பேருக்குக் கத்திச் சொல்ல வேண்டிய சொல் இது. "போர்மூட்டத்தினுள் எதிரி" என்று சொல்லி முடிப்பதற்குள் நான் செத்துவிடுகிறேன், பரிசோதித்தாயிற்று. நேற்று மருமகன் "மாமா, மேல கண்ணப் புடுங்கிட்டாங்க, கண்மறைவுல வராங்க, ஓடுங்க" என்றான். ஓடினேன், பிழைத்தேன். அவன் எனக்காக அந்தச் சொற்களைச் சொன்னானா, தானாக வந்ததா என்று கேட்கவில்லை.

வரும் ஞாயிறு வரை மறுப்பு வராவிட்டால் பட்டியலில் மாற்றிவிடுகிறேன். லேனுக்குத் தடமா பாட்டையா என்ற சண்டையைத் தனி இழையில் வைத்துக்கொள்வோம், எனக்குத் தடம்.