ஒருவருக்கு டிக் வைத்தால் கீழே வேறு ஒருவருக்கும் டிக் விழுகிறது, உதவி தேவை

சிப்புட் பையன்:

வணக்கம். சுங்கை சிப்புட்டில் என் அத்தை மளிகைக் கடை வைத்திருக்கிறார். சுற்றுவட்டாரத் தோட்டத்து ஆட்கள் நிறையப் பேர் கடனில்தான் சாமான் எடுப்பார்கள், எல்லாக் கணக்கும் அந்த 555 புத்தகத்தில். புத்தகம் நைந்துபோய், போன மாதப் பாக்கியும் இந்த மாதப் பாக்கியும் ஒன்றாகக் கலந்து கிடக்கிறது என்பதால் ஒரு ஆண்ட்ராய்டு செயலி செய்து தருவதாகச் சொல்லியிருக்கிறேன். கோட்லின் மொழி இப்போதுதான் படிக்கிறேன்.

ஒரே ஒரு திரைதான். ரீசைக்ளர்வியூ (நீளப் பட்டியலைக் காட்டும் ஆண்ட்ராய்டு பாகம்), ஒவ்வொரு வரிசையிலும் பெயர், எத்தனை வெள்ளி (ரிங்கிட்) பாக்கி, பக்கத்தில் 'கட்டியாச்சு' என்று ஒரு செக்பாக்ஸ். 100 வெள்ளிக்கு மேல் போனால் தொகை சிவப்பாக வர வேண்டும். திறந்தவுடன் பார்த்தால் எல்லாம் ஒழுங்காக இருக்கிறது. ஆனால் மேலே ஒருவருக்கு டிக் வைத்துவிட்டுப் பட்டியலைக் கீழே தள்ளினால், நான் தொடாத ஒருவருக்கும் டிக் விழுந்திருக்கிறது. திரும்ப மேலே வந்தால் சில சமயம் முதல் ஆளின் டிக்கைக் காணோம். 12 வெள்ளி பாக்கி உள்ளவர் சிவப்பில் நிற்கிறார். பெயரும் தொகையும் மட்டும் எப்போதும் சரியாக வருகின்றன.

ஒவ்வொரு வரிசையையும் நிரப்பும் ஆன்பைண்ட்வியூஹோல்டர் ஃபங்ஷனில் பெயர், தொகை இரண்டையும் வைக்கிறேன், 100-க்கு மேல் என்றால் சிவப்பு நிறம். டிக்குக்கு எதுவும் எழுதவில்லை, செக்பாக்ஸ் தானே ஞாபகம் வைத்துக்கொள்ளும் இல்லையா? சம்பளம் 7-ஆம் தேதிக்குள் போட்டுவிடுவார்கள், அன்று வரிசையாக வந்து கட்டுவார்கள். கட்டாதவர் கடன் தீர்ந்ததாகக் காட்டினால் அத்தை என்னைக் கடைப்பக்கமே விடமாட்டார்.

ரவாங் கோடர்:

தம்பி, அடாப்டரில் (பட்டியலுக்கு வரிசைகளைத் தயார் செய்து தரும் கிளாஸ்) வரிசையின் வகையைச் சொல்லும் கெட்ஐட்டம்வியூடைப் என்ற ஃபங்ஷனை ஓவர்ரைடு செய்து பொசிஷனை, அதாவது வரிசை எண்ணை, திருப்பிக் கொடு. ஒரே வரிதான். எனக்கு இதே பிரச்சினை வந்தபோது அப்படித்தான் தீர்த்தேன்.

கிராணி மகள்:

அண்ணே, கோபித்துக்கொள்ளாதீர்கள், அது வலியை மறைக்கிற மாத்திரை மட்டும்தான் லா. ஒவ்வொரு வரிசையும் தனி வகை என்று சொன்னால் ஒருவருடைய வரிசை இன்னொருவருக்குப் போகாது, உண்மைதான். ஆனால் 300 பெயர் இருந்தால் 300 வகை, அப்புறம் ரீசைக்ளர்வியூ எதற்கு? டிக்கும் எங்கேயும் பதிவாகாது, செயலியை மூடித் திறந்தால் போய்விடும்.

தம்பி, நடப்பது இதுதான். திரையில் எட்டு வரிசை தெரிகிறது என்றால் ரீசைக்ளர்வியூ அதற்கு மேல் கொஞ்சம்தான் உண்டாக்கும். மேலே போய் மறைந்த வரிசையை எடுத்து, கீழே புதிதாக வரும் ஆளுக்குக் கொடுக்கும். ஒட்டுக்கடையில் தட்டைக் கழுவாமல் அடுத்த ஆளுக்கு நீட்டினால் எப்படி இருக்கும், அப்படித்தான். பெயரையும் தொகையையும் ஒவ்வொரு முறையும் நீ வைக்கிறாய், அதனால் அவை சரி. டிக்கை வைக்கவில்லை, பழைய ஆளுடையது ஒட்டிக்கொண்டு வருகிறது. சிவப்பும் அதே கதை: 'இஃப்' எழுதியிருக்கிறாய், 'எல்ஸ்' இல்லை. 100-க்குக் கீழே என்றால் கறுப்பு என்று எழுதாதவரை ஒருமுறை சிவந்தது சிவந்தபடிதான்.

முதலில் ஒவ்வொரு ஆளின் விவரத்தையும் வைத்திருக்கும் உன் டேட்டா கிளாஸில் 'கட்டியாச்சா' என்று ஒரு பூலியன் (ஆம்/இல்லை மதிப்பு) சேர். டிக் வாழ வேண்டிய இடம் அது, செக்பாக்ஸ் அதைக் காட்ட மட்டும்தான். பைண்ட் நடக்கும்போது, அதாவது வரிசை நிரப்பப்படும்போது, அந்த மதிப்பைச் செக்பாக்ஸின் இஸ்செக்டுக்குக் கொடு.

இங்கே ஒரு குழி இருக்கிறது, புதிதாக வருபவர்கள் பலர் விழுவது இதில்தான். இஸ்செக்டை நீ கோடில் மாற்றினாலும், மதிப்பு உண்மையில் மாறினால் லிஸனர் (டிக் மாறும்போது ஓடுகிற கோடு) ஓடும். அந்த வரிசையில் முந்தின ஆளுக்குக் கட்டிய லிஸனர் இன்னும் உட்கார்ந்திருந்தால், அது முந்தின ஆளின் கணக்கில் போய் எழுதிவிடும். அதாவது திரை மட்டுமல்ல, கணக்கே கெட்டுவிடும், அதுவும் நீ பட்டியலைத் தள்ளியதாலேயே. அதனால் எழுதும் ஒழுங்கு முக்கியம்: முதலில் லிஸனரை 'நல்' ஆக்கு, அப்புறம் இஸ்செக்டு, அதற்குப் பிறகு புதிய லிஸனர். லிஸனருக்குள் பைண்டுக்கு வந்த பொசிஷனை நம்பாதே, இடையில் ஒரு பெயரை நீக்கினால் எண் மாறிவிடும். அந்த நேரத்து எண்ணைத் தரும் பைண்டிங்அடாப்டர்பொசிஷனைக் கேள், அது நோ_பொசிஷன் (இப்போது இடம் இல்லை) என்றால் ஒன்றும் செய்யாமல் திரும்பிவிடு.

ரவாங் கோடர்:

லிஸனர் விஷயம் சரிதான். என்னுடையது வெறும் படப் பட்டியல், அதனால் தப்பித்திருக்கிறேன் போல.

சிப்புட் பையன்:

அக்கா, ரொம்ப நன்றி! 'எல்ஸ்' போட்டதும் சிவப்பு அடங்கிவிட்டது, லிஸனரை நீங்கள் சொன்ன ஒழுங்கில் வைத்ததும் டிக்கும் அந்தந்த ஆளிடமே நிற்கிறது. ரூம் என்ற ஆண்ட்ராய்டு டேட்டாபேஸில் சேமிக்கிறேன், மூடித் திறந்தாலும் இருக்கிறது.

இன்னும் இரண்டு. புதுப் பெயர் சேர்த்தால் பட்டியலில் வருவதில்லை, செயலியை மூடித் திறந்தால்தான் வருகிறது. லிஸ்ட்அடாப்டர்தான், புதுப் பட்டியலை அதற்குக் கொடுக்கும் சப்மிட்லிஸ்ட்டும் கூப்பிடுகிறேன். அப்புறம், என் போனில் நன்றாக இருக்கும் பெயர்கள் அத்தை போனில் வெட்டுப்படுகின்றன. 'முருகு', 'கூத்தன்' மாதிரி பெயர்களில் கீழே வரும் சுழி பாதிதான் தெரிகிறது.

கிராணி மகள்:

ஒரே லிஸ்ட்டில் பெயரைச் சேர்த்து அதையே திரும்பக் கொடுக்கிறாய் என்று நினைக்கிறேன். சப்மிட்லிஸ்ட், ஏற்கெனவே தன் கையில் இருக்கும் அதே லிஸ்ட் வந்தால் ஒன்றும் மாறவில்லை என்று திரும்பிவிடும். டூலிஸ்ட் போட்டுப் புது நகல் கொடு. டிக் வைக்கும்போதும் உள்ளே இருக்கிற ஆளின் மதிப்பை நேரடியாக மாற்றாதே, காப்பி செய்து மாற்று. இல்லையென்றால் பழையதும் புதியதும் ஒன்றாகவே தெரியும், இரண்டையும் ஒப்பிடும் டிஃப்யூட்டிலுக்கு வித்தியாசம் பிடிபடாது.

வெட்டுப்படுவதற்கு: வரிசைக்கு 40 டிபி மாதிரி ஏதாவது உயரம் கட்டியிருப்பாய். அத்தை போன் செட்டிங்ஸில் எழுத்தைப் பெரிதாக்கி வைத்திருப்பார், எழுத்தின் அளவான எஸ்பி அதோடு வளரும், உயரத்தின் அளவான டிபி வளராது. உயரத்தை ரேப்_கன்டென்ட் (உள்ளே இருப்பதற்கு ஏற்ற அளவு) ஆக்கிவிட்டு மின்ஹைட், அதாவது குறைந்தபட்ச உயரம், 48 டிபி கொடு. மேட்ச்_பேரன்ட் (வெளிப் பெட்டியின் முழு அளவு) போட்டுவிடாதே, திரைக்கு ஒரே ஒரு பெயர்தான் வரும்.

சிப்புட் பையன்:

டூலிஸ்ட் வேலை செய்கிறது அக்கா. உயரம் 36 டிபி வைத்திருந்தேன், மாற்றிவிட்டேன், சுழி முழுதாகத் தெரிகிறது.