இழை: பதிவு உண்டு, அங்கீகாரம் இல்லை – இந்தக் கட்சிகளுக்கு ஒரு சொல்

பூங்குழலி எழுதியது:
அன்புடையீர், வேட்பாளர்களுக்கும் முகவர்களுக்குமான கையேடு ஒன்று தமிழாகிக்கொண்டிருக்கிறது. வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். ‘பதிவு செய்யப்பட்ட, அங்கீகரிக்கப்படாத அரசியல் கட்சி’ என்பது பக்கத்துக்கு நாலு தடவை வருகிறது, அட்டவணைத் தலைப்பில் மூன்று வரி பிடிக்கிறது. வாக்குச்சீட்டில் பெயர் வரிசையே மூன்று பிரிவு. அங்கீகாரம் பெற்ற கட்சியினர் முதலில், இவர்கள் நடுவில், சுயேச்சைகள் கடைசியில். நடுவில் இருப்பவர்களுக்குத்தான் சின்னதாக ஒரு பெயர் இல்லை. கூடவே, இப்படிப்பட்ட கட்சிகளைத் தேர்தல் ஆணையம் தன் பட்டியலிலிருந்து எடுத்துவிடும் ‘டீலிஸ்டிங்’குக்கும் ஒரு சொல் தேவை.

சண்முகம் எழுதியது:
‘பதிவுக் கட்சி’ போதுமே. 1951ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 29ஏ பிரிவில் நடப்பது பதிவு மட்டும்தான். அங்கீகாரம் தருவது 1968ஆம் ஆண்டுச் சின்னங்கள் ஆணை. இரண்டும் வேறு வேறு வாசல். நாளிதழ்கள் ‘கட்சிக்கு அங்கீகாரம்’ என்று தலைப்பிடும்போது பாதி நேரம் உள்ளே பதிவுச் செய்திதான் இருக்கும்.

இளமாறன் எழுதியது:
சண்முகம் ஐயா, அங்கீகாரம் பெற்ற கட்சியும் பதிவு செய்த கட்சிதானே? பொதுப்பெயரை ஒரு பிரிவுக்கு மட்டும் சூட்டலாமா? என் பரிந்துரை ‘ஏற்புறாக் கட்சி’. ‘அங்கீகாரம்’ என்ற வடசொல்லைத் தூக்கிச் சுமக்கும் வேலையும் மிச்சம்.

வசந்தி எழுதியது:
‘ஏற்பு’ வேண்டாம் இளமாறன். மனு பரிசீலனை அன்று மாலை ‘வேட்புமனு ஏற்பு’ என்று அறிவிக்கிறார்கள். ஏற்புறாக் கட்சியின் வேட்பாளர் என்று படித்தால், மனு தள்ளுபடியான ஆள் என்றுதான் முகவர் நினைப்பார். இவர்கள் மனுவுக்கு முன்மொழிய 10 பேர் வேண்டும், அங்கீகாரம் பெற்ற கட்சிக்கு ஒருவர் போதும். கையேட்டில் குழப்பம் வரக்கூடாத இடம் இது.

இளமாறன் எழுதியது:
சரி, அப்படியானால் ‘பொறியிலாக் கட்சி’. சிரிக்காமல் படியுங்கள். அங்கீகாரத்தின் கனியே ஒதுக்கப்பட்ட சின்னம். சின்னத்துக்குத் தமிழில் பொறி: சோழர்க்குப் புலிப்பொறி, பாண்டியர்க்குக் கயற்பொறி. அகநானூறு 77இல் கயிறு கட்டிய குடத்தின் பொறியைப் பார்த்து, அதை நீக்கி ஓலையை எடுக்கும் ஆவண மாக்கள் வருகிறார்கள். ஆவணமும் பொறியும் அன்றே ஒன்றாக நிற்கின்றன. ‘பதி’ என்ற வேரும் அழுந்தப் படிவதுதான், ஆகவே பதிவும் பொறிப்பும் உடன்பிறப்புகள்.

சண்முகம் எழுதியது:
பொறி என்றால் இன்றைக்கு எலிப்பொறி, அதை விட்டால் பொறியியல் கல்லூரி. அது போகட்டும், கருத்தே தப்பு. சின்னங்கள் ஆணையின் 10பி பத்தியைப் பாருங்கள். அங்கீகாரம் இல்லாத கட்சியும் சட்டமன்றத்துக்கு மொத்தத் தொகுதிகளில் 5 சதவீதத்தில் ஆள் நிறுத்தினால் (தமிழ்நாட்டில் 12 தொகுதி) பொதுச்சின்னம் (தன் வேட்பாளர் எல்லாருக்கும் ஒரே சின்னம்) கேட்கலாம். அவையின் காலம் முடிய ஆறு மாதம் இருக்கும்போதே மனு வாங்கத் தொடங்கிவிடுவார்கள். முந்தி வந்தவருக்கே முதலிடம். 2024 மக்களவைத் தேர்தலில் நாம் தமிழர் கட்சிக்குக் கரும்பு விவசாயி போய் மைக் வந்தது இதனால்தான்: வேறொரு கட்சி முந்திக்கொண்டது. அதே தேர்தலில் 8 சதவீத வாக்கைத் தாண்டியதும் மாநிலக் கட்சி அங்கீகாரம் கிடைத்தது. பொறி இல்லாமல் இருந்தது எப்போது? பொறி இருந்தது, சொந்தப் பொறி இல்லை.

இளமாறன் எழுதியது:
‘சொந்தப்பொறியிலி’ என்று வைக்கலாம்.

பூங்குழலி எழுதியது:
வைக்க மாட்டோம்.

மேரி எழுதியது (யாழ்ப்பாணம்):
எங்கட பக்கம் ‘அங்கீகரிக்கப்பட்ட அரசியல் கட்சி’ எண்டால் அதுதான் பதிவு. 1981ஆம் ஆண்டுப் பாராளுமன்றத் தேர்தல்கள் சட்டத்தில இரண்டு படி இல்லை. அது கிடையாதவை சுயேச்சைக் குழுவாத்தான் போட்டியிடலாம். ‘அங்கீகாரம்’ எண்டு நீங்கள் தனியாகப் போட்டால் இங்க வாசிக்கிற ஆள் வேறு பொருள் எடுப்பார். கையேடு இந்தியாவுக்கு மட்டும் எண்டால் பிரச்சினை இல்லை.

வசந்தி எழுதியது:
இந்தியாவுக்கு மட்டும்தான் மேரி. சொல் எதுவானாலும், பூங்குழலி, பதிவு அத்தியாயத்தில் இவற்றைப் பிசகாமல் பாருங்கள். கட்சி தொடங்கிய நாளிலிருந்து 30 நாளுக்குள் மனு. இதை ‘ஒரு மாதம்’ என்று மொழிபெயர்த்து வைப்பார்கள், கூடாது. 10,000 ரூபாய் வரைவோலை. குறைந்தது 100 உறுப்பினர், ஒவ்வொருவருக்கும் தனித்தனிப் பிரமாணப் பத்திரம்: வாக்காளர் பட்டியலில் பெயர் உண்டு, வேறு கட்சியில் உறுப்பினர் இல்லை என்று. பெரும்பாலும் தடுக்கி விழுவது இங்கேதான். வேறு கட்சி அட்டையைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டே கையெழுத்துப் போடுகிறவர்கள் உண்டு. பிறகு கட்சி விதி. அரசமைப்புச் சட்டத்திடமும், சமதர்மம், மதச்சார்பின்மை, மக்களாட்சிக் கோட்பாடுகளிடமும் உண்மையான பற்றுறுதி, இறையாண்மை, ஒற்றுமை, ஒருமைப்பாடு காத்தல் என்று 29ஏ (5) சொல்வதை அப்படியே எடுத்தெழுத வேண்டும். அழகான தமிழில் சுருக்கினால் மனு திரும்பி வரும். உட்கட்சித் தேர்தல் ஐந்தாண்டுக்கு ஒருமுறையாவது நடக்கும் என்ற விதியும் வேண்டும். கடைசியாக நாளிதழ் அறிவிப்பு, அதன் மீது ஆட்சேபத்துக்கு 30 நாள்.

இளமாறன் எழுதியது:
சமதர்மத்தை ‘நிகரமை’ என்று...

வசந்தி எழுதியது:
மனு திரும்பி வரும் என்றேனே.

சண்முகம் எழுதியது:
‘டீலிஸ்டிங்’ பற்றி. இதை ‘பதிவு ரத்து’ என்று எழுதவே கூடாது. 2002இல் உச்ச நீதிமன்றம், பதிவை ரத்து செய்யும் அதிகாரம் தேர்தல் ஆணையத்துக்கு இல்லை, மூன்று விலக்கு மட்டும் உண்டு என்றது: மோசடி செய்து பதிவு பெற்றிருந்தால், கட்சியே தன் விதியை மாற்றி 29ஏ (5)ஐக் கைவிட்டால், சட்டவிரோத அமைப்பாக அரசு அறிவித்தால். 2025 ஆகஸ்டில் 334, செப்டம்பரில் 474 கட்சிகளை ஆணையம் எடுத்தது பட்டியலிலிருந்து. ஆறாண்டாக ஒரு தேர்தலிலும் நிற்காதவை என்பது காரணம். வரிச்சலுகையும் பொதுச்சின்னமும் போயின. மேல்முறையீட்டுக்கு 30 நாள் கொடுத்தார்கள். ஆகவே ‘பட்டியல் நீக்கம்’.

மேரி எழுதியது:
‘பட்டியல் வெளியேற்றம்’ எண்டும் எங்கேயோ பார்த்தன்.

சண்முகம் எழுதியது:
அது வேறம்மா. பட்டியல் சாதியிலிருந்து விலக்கக் கேட்பவர்கள் முழக்கம் அது. நீக்கம்தான் சரி.

பூங்குழலி எழுதியது:
பட்டியல் நீக்கத்துக்கு மறுப்பு வரவில்லை, எடுத்துக்கொள்கிறேன். முதல் சொல்லுக்குச் சண்முகம் ஐயா சொன்ன ‘பதிவுக் கட்சி’. முதல் இடத்தில் முழு வடிவம், அடைப்புக்குறிக்குள் ‘இனி பதிவுக் கட்சி’ என்று விளக்கம், பிறகு குறுஞ்சொல். அங்கீகாரம் பெற்றவை ‘மாநிலக் கட்சி’, ‘தேசியக் கட்சி’ என்றே வரும், அதனால் மோதாது. அச்சகத்தார் இரண்டு தடவை கூப்பிட்டுவிட்டார்.

இளமாறன் எழுதியது:
பொதுப்பெயரைச் சிறப்புப்பெயராக்கும் பிழை அப்படியே இருக்கிறது என்பதைப் பதிவு செய்து வைக்கிறேன். ‘பதிகட்சி’ என்றாவது வினைத்தொகையாக்கலாம், இரண்டெழுத்து மிச்சம்.

வசந்தி எழுதியது:
பதி என்றால் புருஷன் என்று ஒரு பொருள் இருக்கிறதே இளமாறன்.

இளமாறன் எழுதியது:
ஊர் என்றும் பொருள் உண்டு. ‘கட்சி’ கூடச் சங்கப்பாட்டில் பறவையின் கூடு, காடு. வழக்காடு மன்றத்தில் கட்சிக்காரர். அதைத் தனி இழையில் எழுதுகிறேன்.

பூங்குழலி எழுதியது:
எழுதுங்கள். இதற்கு மட்டும் பதில் வேண்டும்: அட்டவணைத் தலைப்பில் ‘பதிவுக் கட்சி’க்கு இடம் விடுவதா, சேர்த்து எழுதுவதா? மெய்ப்புப் பார்ப்பவர் இரண்டையும் திருத்திக்கொண்டிருக்கிறார்.